பழுதுக்கான காரணம்

முதல் தடவை நான் போனபோது
அது ஓடிக்கொண்டிருந்தது.
"உங்க வண்டிச் சத்தம் கேட்டதும்
உயிர் வந்துடுச்சு" என்றார் தமயந்தி,
திருடனைப் பிடித்துக் கொடுத்தவனே
அடையாளம் தப்பிவிட்ட முகத்தோடு.
தலைஞாயிறு கூட்டுறவுச் சங்கத்தில்
ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.
பெட்ரோலுக்குக்கூடக் கேட்கவில்லை.
ஓடுகிற பெட்டியில் எதைத் தேட?

இரண்டாம் தடவை நின்றிருந்தது.
பட்டனை அமுக்கினால் மூச்சுப் பேச்சில்லை.
பவர் சப்ளையைக் கழற்றி மேசையில் வைத்து
பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும்
ஜெம் கிளிப் ஒன்றால் கோத்தேன்.
விசிறி சுற்றியது.
அப்போதே புரிந்திருக்க வேண்டும்.
ஆனால் மணி ஐந்தரை,
தூரத்தில் இடி,
கையில் ஒரு புதுசு இருந்தது.
மாற்றினேன்.
ஆயிரத்து நானூறு ரூபாய்
தீர்மானம் எழுதிக் கொடுத்தார்கள்.
ஐந்து நாள் ஓடியது.
அந்த ஐந்து நாளும் நான் நல்ல மெக்கானிக்.

ஆறாம் நாளிலிருந்து
ஆளுக்கொரு வைத்தியம்.
காசாளர் ப்ளக்கைத் தலைகீழாகச் சொருகப் பார்ப்பார்.
செயலாளர் சுவிட்சைப் போட்டுவிட்டு
இருபது நிமிஷம் அந்தப் பக்கமே பார்க்கமாட்டார்.
கூட்டிப் பெருக்கும் செல்லம்மா
துடைப்பக் கட்டையால்
முன்பக்க விலாவில் இரண்டு தட்டு.
எல்லாருக்கும் ஒருநாள் பலித்திருக்கிறது.
அதனால் யாரும் விடுவதாயில்லை.

மூன்றாம் தடவை
ஐப்பசிக் கடைசி, அடைமழை,
பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
சிட்டா அடங்கலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
வாசல்வரை வரிசை.
முதல் ஆள் ஓரடியம்புலம் மரியசூசை,
ஆறு மணிக்கே வந்தவர்.
"எங்க வாய்க்கால் மாதிரிதான் தம்பி இதுவும்.
தண்ணி விட்டாச்சுன்னு பேப்பர்ல வரும்."
வரிசை சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீட்டரை எடுத்தேன்.
லஸ்கர் மடை மடையாகப் போவதுபோல்
ஊதா ஒயரில் தொட்டேன்: ஐந்து வோல்ட்.
தலைப்பில் தண்ணீர் இருக்கிறது.
போர்டின் மூலையில்
கடுகளவு பச்சை விளக்கும் எரிகிறது.
அமுக்கினால் பச்சை ஒயரில்
ஐந்து சுழியாக விழவேண்டும்.
அமுக்கினேன்.
ஐந்து ஐந்தாகவே நின்றது.
என் விரல் அழுத்துவது
உள்ளே போய்ச் சேரவில்லை.

ஸ்க்ரூடிரைவர் நுனியால்
போர்டில் இரண்டு கம்பிகளைத் தொட்டேன்.
எழுந்தது.
அணைத்துத் தொட்டேன். எழுந்தது.
பதினோரு தடவை எண்ணினார் தமயந்தி.

முன்பக்கப் பட்டனைப் பிரித்தால்
உள்ளே செம்பில் களிம்பு,
பச்சைப்பயறு அளவு.
கிழக்கே பத்து மைலில் கடல்.
காற்று எப்படியோ இந்தச் சந்தைக் கண்டுபிடித்திருக்கிறது.
செல்லம்மா தட்டியது
சரியாக அந்த இடத்தில்தான்.
நான் அவரைப் பார்க்கவில்லை.

புதுப் பட்டனுக்குத் திருத்துறைப்பூண்டி போகவேண்டும்.
நேரமில்லை.
பக்கத்திலேயே ரீசெட் பட்டன்,
வாங்கிய நாள்முதல் யாரும் தொடாதது.
ஒயரை அதற்கு மாற்றிச் சொருகினேன்.
வெள்ளை பிளாஸ்திரித் துண்டில்
தமயந்தி எழுதி ஒட்டினார்:
'இதை அமுக்கவும்.'
பெரிய பட்டனுக்கு மேல் இன்னொன்று:
'இதை வேண்டாம்.'

நாலு நாற்பதுக்கு
மரியசூசையின் ரசீது பிரிண்டரிலிருந்து வந்தது.
ஈரக் கையில் வாங்காமல்
வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

என் பில் புத்தகத்தில்
'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கோடு உண்டு.
உப்பு என்று எழுதினேன்.
இருநூறு ரூபாய்.
அதற்குமேல் எழுத இடமிருந்தது,
எழுதவில்லை.

கழற்றிய பழைய பவர் சப்ளை
என் கடை அலமாரியில் இருக்கிறது.
அவ்வப்போது ஜெம் கிளிப்பைச் சொருகிப் பார்ப்பேன்.
இதுவரை ஒருநாளும்
சுற்றாமல் இருந்ததில்லை.